ஓடியது சிவசம்பு அல்ல, அவர் மகள்

அனுப்புநர்:
கா. கௌஸ் முகைதீன்,
ஜவுளி வியாபாரம் (வயது 48),
முன்னாள் கௌரவச் செயலாளர், பிரிக்பீல்ட்ஸ் இளைஞர் ஓட்டப்பந்தயச் சங்கம்,
கிள்ளான்.

பெறுநர்:
திரு. சண்முகரத்தினம் அவர்கள்,
பதிவேட்டுப் பிரிவு அதிகாரி,
தடகள வீரர் ஆவண நிலையம்,
கோலாலம்பூர்.

பொருள்: நூறு மீட்டர் தடை ஓட்டத்தில் நாட்டைப் பிரதிநிதித்த திருமதி குணபூசணி அவர்கள், தங்கள் பதிவேட்டில் ஆண்கள் பட்டியலில், அதுவும் தம் தகப்பனார் பெயரில் இருப்பதை 18.6.1994க்கு முன் திருத்தித் தரக் கோருதல்.

பார்வை: தங்கள் நிலையத்தின் 12.3.1994 தேதியிட்ட மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விஷயமாக மலாயில் இரண்டு கடிதங்கள் அனுப்பியிருந்தேன். இரண்டுக்கும் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்திய அட்டை வந்தது. முத்திரை சாயாமல், மை பரவாமல் மிக நேர்த்தியாக இருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. குறை தங்கள் அலுவலகத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். என் மலாய், கடையில் துணி கிழித்துக் கொடுக்கப் போதும். நடந்ததை விளக்கப் போதாது. தாங்கள் தமிழ் படித்தவர் என்று பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் பக்கத்து மேசையில் பேசிக்கொண்டார்கள். ஒட்டுக்கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இம்மனுவைத் தமிழில் சமர்ப்பிக்கிறேன்.

2. திருமதி குணபூசணி இப்போது கிள்ளானில் பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்திரண்டு. 1973 முதல் 1978 வரை சிங்கப்பூர், பாங்காக், மணிலா ஆகிய ஊர்களில் நம் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தடை தாண்டி ஓடியவர். அனைத்துலகப் போட்டியில் ஓடியவர்களுக்குத் தங்கள் நிலையம் களப் பயிற்றுநர் அட்டை வழங்குகிறது. அவரும் விண்ணப்பித்தார். ‘இப்பெயரில் பெண் வீராங்கனை எவரும் பதிவேட்டில் இல்லை’ என்று பதில் வந்தது. அட்டை இல்லாதவர் போட்டி நாளன்று திடலுக்குள் கால் வைக்க முடியாது. அவரிடம் பயிலும் சந்திரகலா என்ற பதினாறு வயதுப் பெண், ஜூன் 18ஆம் தேதி தேர்வுப் போட்டியில் ஓடுகிறாள். என் புகார் இவ்வளவுதான். இனி வருவது ஆதாரம். அது சற்று நீளும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

3. தங்கள் பதிவேட்டின் 41ஆம் பக்கத்தைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். ஆண்கள், 110 மீட்டர் தடை ஓட்டம், எக்காலத்துக்கும் சிறந்த நேரங்கள். ஆறாம் இடத்தில் ‘ஜி. ஏ. பி. சிவசம்பு, 14.4 விநாடி, சிங்கப்பூர், 1973’ என்று இருக்கும். ஐயா, இந்தச் சிவசம்பு குணபூசணியின் தகப்பனார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். 1973இல் அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. உயரம் ஐந்தடி நாலங்குலம். ஆண்கள் ஓடும் தடையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தால் அவருடைய நெஞ்சுக்குழி வரை வரும். அவர் அதன்மேல் கையூன்றிக்கொண்டு, யார் இதை இங்கே இறக்கினது, பார்சல் சீட்டு எங்கே என்று கேட்பாரே தவிர, தாண்ட மாட்டார்.

4. சென்ற ஆண்டு இப்பதிவேடு அச்சாகி வந்ததும், ‘அன்புள்ள முன்னாள் தடை ஓட்ட வீரரே’ என்று தொடங்கும் விருந்து அழைப்பு ஒன்று சிவசம்பு ஐயாவுக்கு வந்தது. அவர் உடனே எனக்குத் தொலைபேசியில் பேசினார். “தம்பி கௌஸ், நான் என்ர சீவியத்தில ஓடினது ஏழரை ரயிலுக்கு மட்டுந்தான். அதையும் பிடிக்கேல்லை. ஆர் உவங்களுக்குச் சொன்னது?” என்றார். நான் உடனே பழைய சங்கக் கோப்பைத் தேடி எடுத்தேன். காரணத்தைப் பத்தி 5இல் தெரிவிக்கிறேன். அவர் விருந்துக்குப் போய்வந்தார் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கோழி நன்றாக இருந்ததாம். பக்கத்தில் அமர்ந்த ஒரு முன்னாள் வீரர், “அங்கிள், தடை தாண்டுறப்போ எந்தக் கால் முதல்ல போகும்?” என்று மரியாதையாகக் கேட்க, “கோயிலுக்கெண்டா வலது. ஒப்பீசுக்கு எது முதல் வருகுதோ அது” என்று சொல்லிவிட்டு, மீண்டும் கோழியைக் கவனித்திருக்கிறார். அந்த வீரர் அதை ஏதோ பெரிய நுணுக்கம் என்று தாளில் குறித்துக்கொண்டதாகக் கேள்வி.

5. இப்பிழைக்குக் காரணமானவர் யார் என்று தாங்கள் விசாரணைக் குழு எதுவும் அமைக்க வேண்டியதில்லை. நான்தான். சங்கத்தில் நான் கௌரவச் செயலாளர். அதாவது சம்பளம் கிடையாது, கௌரவமும் அவ்வளவாகக் கிடையாது. நானும் தடை ஓட வந்தவன்தான். மூன்று தடைக்கு மேல் நின்று பழக்கமில்லாததால் என்னைக் காகித வேலைக்கு மாற்றினார்கள். 1973இல் முதன்முறையாகப் பதிவுப் படிவம் மலாயில் வந்தது. இன்னாரின் மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்று அடிக்க வேண்டும். என் வாப்பாவின் ஜவுளிக் கடைத் தட்டச்சு இயந்திரத்தில், விலைச்சீட்டு அடித்து அடித்து, அந்தச் சாய்கோட்டு விசை தேய்ந்து விழுந்துவிட்டிருந்தது. ஆகவே இரண்டு எழுத்துக்கும் பக்கத்தில் புள்ளி வைத்தேன். பார்ப்பதற்கு எடுப்பாகவும் இருந்தது. இப்படியாக, குணபூசணியின் ஆங்கில முதலெழுத்தான ஜியும் முன்னால் சேர்ந்து, சிவசம்புவின் மகள், ஜி. ஏ. பி. சிவசம்பு ஆனார்.

அடுத்த கட்டத்தில் ‘எல்’ அல்லது ‘பி’ என்று கேட்டிருந்தது. எங்கள் சங்கப் புத்தகத்தில் லேடீஸ் என்பதற்கு எல் போடுவது வழக்கம். எல் என்றால் லேடி. பி என்றால் வேறென்ன, புருஷன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று எண்ணி, எல் என்று அழுத்தமாக அடித்தேன். எல் என்றால் லெலாக்கி, ஆண். பி என்றால் பெரம்புவான், பெண் என்பது எனக்குத் திருமணப் பதிவின்போதுதான் உறைத்தது. அங்கும் எல் கட்டத்தில் என் மனைவி நூருன்னிசாவின் பெயரை எழுதப்போனேன். பதிவு அதிகாரி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அப்போதே ஓடிவந்து இப்படிவத்தையும் திருத்தியிருக்க வேண்டும். புது மாப்பிள்ளை, மறந்துவிட்டேன்.

6. சிங்கப்பூரில் அவரை எப்படிப் பெண்களோடு ஓடவிட்டார்கள் என்று தாங்கள் கேட்கலாம். திடலில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், ஐயா. நேரே எதிரில் ஒரு பெண் நின்றாள், பெண்கள் வரிசையில் விட்டார்கள். படிவத்தை எவரும் பார்க்கவில்லை. அது கோப்பில் கிட்டத்தட்ட இருபது வருடம் தூங்கியது. பிறகு பதிவேட்டைத் தொகுத்தவர், ஆண்கள் நூறு மீட்டரில் தடை ஓடுவதில்லையே என்று நல்லெண்ணத்தோடு அதை 110 ஆகத் திருத்திவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். என்னைவிட ஒரு பிழை குறைவாகச் செய்தவர். அடுத்தடுத்த போட்டிகளுக்கும் நான் என்னிடமிருந்த முதல் படிவத்தின் நகலையே பார்த்து எழுதியதால், பாங்காக்கிலும் மணிலாவிலும் சிவசம்பு ஐயாவே ஓடியிருக்கிறார்.

7. ஓடியது குணபூசணிதான் என்பதற்கு நான் கண்கண்ட சாட்சி. அறுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு திடல் இருந்தது. திடல் என்று சொல்வது என் பாசம். மாடுகள் அதைத் தங்கள் இடமாகவே கருதின. தடைகளைச் செய்து தந்தவர் ரயில்வே தச்சர் கன்னையா. விதிப்படி, தடை என்பது கால் பட்டால் சாய வேண்டும். கன்னையா அண்ணன் ரயில் பெட்டி செய்து பழகியவர். சாயும் பொருளைச் செய்வது அவர் மானத்துக்கு இழுக்கு. “நான் செஞ்சது என்னைக்காச்சும் விழுந்திருக்கா?” என்பார். உண்மைதான். இடித்தால் தடை நிற்கும், நாம் விழுவோம். என் இடது முழங்காலில் அவர் கைவேலை இன்றும் இருக்கிறது. நேரில் காட்டத் தயார்.

குணபூசணி மட்டும் அந்தத் தடைகளை இடிக்காமல் தாண்டக் கற்றுக்கொண்டார். வேறு வழியில்லை. முதல் தடைக்கு எட்டு எட்டு வைப்பார், பிறகு தடைக்குத் தடை மூன்று எட்டு. தலை ஏறி இறங்காது. மதில்மேல் வைத்த செம்பை யாரோ நேராக நகர்த்திக்கொண்டு போவதுபோல் இருக்கும். பத்தாவது தடைக்குப் பிறகு பத்தரை மீட்டர் ஓட வேண்டும். எங்கள் திடலில் ஏழு மீட்டர்தான் இருந்தது, அதற்கப்பால் பெரிய லோங்காங். மழைக்காலத்தில் அதில் சாக்கடைத் தண்ணீர் புரண்டு ஓடும். அவர் வேகத்தைக் குறைக்காமல் அதையும் தாண்டி, அக்கரையில் போய் நின்று, “கௌஸ் அண்ணே, எவ்ளோ?” என்று கத்துவார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில், கடிகாரத்தை அமுக்க மறந்திருப்பேன். “இன்னொருக்கா ஓடு” என்பேன். இதனால் அவர் மற்றவர்களைவிட இருமடங்கு பயிற்சி பெற்றார். அந்த வகையில் அவருடைய வெற்றியில் எனக்கும் பங்குண்டு.

8. அந்தக் காலத்தில் எங்கள் இருவரையும் இணைத்து ஒரு வதந்தி உலவியது. மேற்படி ‘அண்ணே’யோடு அது முடிந்தது. இதைத் தாங்களாக வேறெங்கும் கேள்விப்படுவதற்கு முன் நானே தெரிவித்துவிடுகிறேன். நூருன்னிசா இம்மனுவின் முதல் படியைப் படித்துவிட்டு, “ஆபீசருக்கு எழுதுறீங்களா, அந்த அக்காவுக்கு எழுதுறீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இரண்டு எழுத்துப்பிழையையும் அவளே திருத்திக் கொடுத்தாள்.

9. சிவசம்பு ஐயா மகள் ஓடுவதைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை. அரைக்கால் சட்டை போட்டு ஓடும் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் அவர்கள் வட்டாரத்தில் இருந்தது. மாலையில் மகள் எங்கே என்று கேட்டால், டைப்பிங் வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்பார். ஆறு வருடம் இதையே சொன்னார். கோயில் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போன அன்று, அண்டைவீட்டுத் தங்கரத்தினம் அக்கா, “பிள்ளை என்ன இப்பிடிக் கறுத்துப்போச்சு?” என்று கேட்டபோது, “அந்த டைப்பிங் வகுப்பில வெயில் கூட” என்றார். முகம் மாறாமல் சொன்னார். நான் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

10. 1973, சிங்கப்பூர். நான் மேலாளர் என்ற பெயரில் அவருடைய காலணிப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேர். மழை விட்டு, பாதையெல்லாம் ஈரம். துப்பாக்கி வெடித்ததும் குணபூசணி ஐந்தாவதாகத்தான் கிளம்பினார். மற்றவர்கள் ஈரத்துக்குப் பயந்து எட்டுகளைச் சுருக்கினார்கள். அவருக்கு ஈரம் புதிதல்ல. ஆறாவது தடையில் ஒருத்தியை முந்தினார், ஒன்பதாவதில் இன்னொருத்தியை. முதல் இருவரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் இடம், 14.4. ஓடி முடித்தும் நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் போய், ஒரு சின்னத் துள்ளல் துள்ளினார். அங்கே லோங்காங் இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் சந்தோஷத்தில் குதிப்பதாக நினைத்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் பகல் ரயிலில் கோலாலம்பூர் வந்தோம். பார்சல் முகப்பில் சிவசம்பு ஐயா நின்றிருந்தார். அருகே அவருடைய மேலதிகாரி. மகள் முன்னால் போய் நின்றார். மெடல் பைக்குள் இருந்தது. ஐயா எடைத்தட்டைப் பார்த்தபடி கேட்டார்: “டைப்பிங் சோதினை எப்பிடி, பிள்ளை?”

“மூணாவது வந்தேன்ப்பா.”

“எத்தினை பேர்?”

“எட்டுப் பேர்.”

“பரவாயில்லை. கால் நோகுதோ?”

மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார். டைப்பிங் அடித்ததற்குக் கால் ஏன் நோக வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஐயா அவசரமாக அடுத்த பார்சலை இழுத்துத் தட்டில் வைத்தார். மனுவில் உரையாடல் எழுதுவது மரபல்ல என்று அறிவேன். ஆனால் இருபத்தொரு வருடமாக என் காதில் கிடக்கும் இதைச் சுருக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை.

11. குணபூசணி 1978இல் ஓட்டத்தை நிறுத்தினார். அவர்கள் வட்டாரம் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை; நல்ல இடத்தில் திருமணம் ஆயிற்று. கிள்ளானில் ஆசிரியையாகி, பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குத் தடை ஓட்டம் சொல்லித் தருகிறார். கிள்ளானை அடுத்த மேருவில் தொழிற்சாலை வேலை செய்யும் ஒருவரின் மகளான சந்திரகலா மூன்று வருடமாக அவரிடம் பயில்கிறாள். நன்றாக ஓடுவாள். நான்காவது தடையில் மட்டும் தயங்கிக் காலை மாற்றுவாள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆசிரியை நின்று, மூன்று எட்டுதான் என்பதை நினைவூட்ட, “மூணு” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மாற்ற மாட்டாள்.

கடந்த ஏப்ரல் மாதம் தகுதிப் போட்டி. வாசலில் பாதுகாவலர் இளைஞர் குணபூசணியைத் தடுத்தார். “ஆன்டி, கார்டு இல்லாம உள்ள விட முடியாது லா.”

“நான் இங்க ஓடியிருக்கேன், தம்பி.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆன்டி. இப்பத்தான் ஒரு அங்கிள் வந்து, இங்க காற்பந்து ஆடியிருக்கேன்னாரு.”

அந்த அங்கிள் நான் அல்ல. நான் சொன்னது ஹாக்கி. நாங்கள் இருவரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். நான்காவது தடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது. குணபூசணி கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு, “மூணு, மூணு” என்று கத்தினார். ஒலிபெருக்கியில் யாரோ ஒரு காரின் எண்ணைச் சொல்லி, வழியை மறைக்கிறது, எடுக்கவும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். சந்திரகலா காலை மாற்றினாள், இடித்தாள், விழுந்தாள். எழுந்து ஓடி முடித்ததால் கடைசி ஆளாகத் தேர்வுக்குத் தகுதி பெற்றாள். கம்பியின் தடம் குணபூசணியின் கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அந்தக் கார் என்னுடையது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று அவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்: புள்ளி, எல், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “என் பேரு இருந்தா என்னண்ணே, அப்பா பேரு இருந்தா என்ன, ஒரே வீடுதான். ஆனா அந்தப் புள்ள நாலாவதுல விழுறா” என்றார். திட்டியிருந்தால் நான் இம்மனுவை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

12. பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் வேண்டும் என்று தங்கள் முகப்பில் சொன்னார்கள். எழுபத்தைந்து வயதில் கிடைத்த ஆறாம் இடத்தை விடும்படி ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கித்தான் சிவசம்பு ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கோட்டுப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். சத்தியப் பிரமாண ஆணையாளரின் அலுவலகத்துக்கு மாடிப்படி ஏறினோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர்கள் முறைப்படி ஒரு தாள் அடித்துக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு, கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று கேட்டு, பேனாவை வாங்கித் தம் கையால் தமிழில் எழுதினார்:

‘1973ஆம் ஆண்டு என் மகள் குணபூசணி சிங்கப்பூர் போனது டைப்பிங் சோதனைக்கு அல்ல. ஓடப் போனாள். அது எனக்கு அனுப்பும்போதே தெரியும். அந்த ஆறு வருடமும் தெரியும். நான் வெளியே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இதிலுள்ள நேரம் முழுவதும் அவளுடையது.’

ஆணையாளர் தமிழர் அல்லர். என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஐயாவே ஆங்கிலத்தில் சொன்னார். பார்சல் விவரம் வாசிக்கும் அதே குரலில்.

13. எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) 41ஆம் பக்கத்தில் ‘ஏ. பி.’ என்பதிலுள்ள இரண்டு புள்ளிகளை எடுத்து, நடுவில் ஒரு சாய்கோடு போட்டு, ‘குணபூசணி ஏ/பி சிவசம்பு’ என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும்.

(ஆ) எல் என்பதை பி ஆக்கி, 110ஐ நூறாக்கி, அவரைப் பெண்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். அங்கே அவர் ஆறாவதாக வர மாட்டார், மேலே வருவார்.

(இ) இப்பிழைக்கு ஏதாவது தண்டனை விதிகளில் இருந்தால், அதை எனக்கு மட்டும் அளிக்க வேண்டும்.

(ஈ) மற்றவை தாமதமானாலும், பயிற்றுநர் அட்டையை ஜூன் 18ஆம் தேதிக்கு முன் வழங்க வேண்டும். அஞ்சலில் அனுப்ப வேண்டாம். சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காரை ஒழுங்காக நிறுத்துவேன்.

அன்று காலை எட்டு மணிக்குச் சந்திரகலாவின் ஓட்டம். ‘மூணு’ என்று ஒரு சொல் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்கிறவர் வேலிக்கு உள்ளே நிற்கத் தாங்கள் வழிசெய்ய வேண்டும், ஐயா.

இங்ஙனம்,
தங்கள் பதிவேட்டைக் கெடுத்தவனும் அதற்காக வருந்துபவனுமாகிய,

(ஒப்பம்)
கா. கௌஸ் முகைதீன்

இடம்: கிள்ளான்
தேதி: 23.5.1994

இணைப்புகள்:
1. பதிவுப் படிவத்தின் நகல், 1973 (புள்ளிகள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுள்ளன)
2. சிங்கப்பூர் வெண்கலப் பதக்கத்தின் புகைப்படம், முன்னும் பின்னும்
3. திரு. சிவசம்பு அவர்களின் சத்தியப் பிரமாணம், தமிழ்க் குறிப்புடன்